கல்படாத கண்ணாடி

சேசு மரி சூசை துணை

பேச்சிப்பாறை மலைத்தோட்டம்
12 ஜூன் 1932

அன்புள்ள அக்காளுக்குத் தம்பி சகாயம் எழுதுவது. மாதாவின் தயவில் நான் இங்கே நல்ல சுகம். உனக்கு முட்டுவலி குறைந்ததா? ஈர மணலில் உட்கார்ந்து கயிறு திரிக்காதே என்று இனயத்திலிருந்து புறப்படும்போதே சொன்னேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

வேலை நிலைத்துவிட்டது அக்கா. முதலாளி வைகுண்டராஜன் கோபக்காரர், ஆனால் நியாயம் உள்ளவர். இந்த ரப்பர்த் தோட்டம் முழுக்க அவருடைய மோட்டார் ஒன்றுதான். அதன் ஓட்டுவளையத்தைப் பிடித்து நான் உட்கார்ந்தால் மலைப்பாதையில் கூலிக்காரர்கள் ஒதுங்கி நின்று கும்பிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. கடப்புறத்தில் வலை இழுத்தபோது எவன் என்னைக் கும்பிட்டான்?

மோட்டார் திறந்த மாடல். வெயிலில் மேலே ஒன்றும் இருக்காது. மழை வந்தால், பின்னால் மடங்கிக் கிடக்கும் கித்தான் படுதாவை எழுப்பி முன்னால் இழுத்து, முன்கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உள்ள கம்பியில் தோல்வாரால் கட்டவேண்டும். இங்கே விடாத மழை. வார் இரண்டும் நைந்து அறுந்துவிட்டன. நேற்றுப் படுதா பறந்ததில் முதலாளியின் தலைப்பாகையும் கூடவே பறக்கப் பார்த்தது. நாகர்கோவில் போய் வார் தைக்க மழை விட்டால்தானே. அதுவரைக்கும் நீ வள்ளப் பாய்க்குத் திரித்த கயிற்றில் இரண்டு துண்டு கொடுத்துவிடு. கடைக்கயிற்றை நான் ஒருநாளும் நம்பமாட்டேன்.

மற்றவை உன் எழுத்து வந்தபின்.
சகாயம்


சேசு மரி சூசை துணை

இனயம்
21 ஜூன் 1932

என் உயிர்த்தம்பி சகாயத்துக்கு அக்காள் வியாகுலம்மாளின் ஆசீர்வாதம். உன் எழுத்து கிட்டியது. முட்டுவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். நீ வேளாவேளைக்குத் தின்கிறாயா?

உன்னைக் கும்பிடுகிறார்களா! ஏலே, அவன்கள் கும்பிடுவது வளையத்தை. உன்னை இல்லை. தலைக்கனம் வேண்டாம்.

அணைக்கட்டுப் பக்கம் கருவாடு கொண்டுபோகிறவளிடம் கயிறு கொடுத்துவிட்டிருக்கிறேன். நல்ல பருத்தி நூலில் மூன்று புரி போட்டுத் திரித்து, பனிச்சங்காய்ச் சாற்றில் முக்கி வெயிலில் உணக்கியது. மழை என்ன, சமுத்திரமே வந்தாலும் அறாது. நீ இருந்தால் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். இப்போது முருங்கையில் கட்டிவிட்டுத்தான் திரிக்கிறேன். முருங்கை உன்னைவிட மேல். பசிக்கிறது என்று பாதியில் ஓடாது.

கட்டும்போது அப்பா பாய் கட்டுகிறது மாதிரியே கட்டு. காலை ஊன்றி இழுத்து, இளகாத முடிச்சுப் போடு. அந்த முடிச்சு மறந்திருக்காதே?

சகாயம், இந்தக் கடல் அப்பாவை எடுத்தது. உன் அத்தானை எடுத்தது. உன்னை மட்டும் தரமாட்டேன் என்று கரையில் நின்று அதன் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறேன். பங்குச் சாமியாரின் பின்னாலேயே நடந்து உனக்கு இந்த வேலையைப் பிடித்தது அதற்குத்தான். மோட்டாரைக் கண்ணுபோலப் பார்த்துக்கொள். அது போனால் உனக்குக் கடல்தான், வேறு போக்கில்லை.

மாதா உன்னைக் காக்க.
அக்காள் வியாகுலம்மாள்


சேசு மரி சூசை துணை

மலைத்தோட்டம்
15 ஜூலை 1932

அக்காளுக்குச் சகாயத்தின் தோத்திரம். அட்டைக்கடி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் சுகத்துக்கு எழுது.

கயிறு ஒண்ணாந்தரம். அப்பாவின் முடிச்சையே போட்டேன். எப்பேர்ப்பட்ட காற்றிலும் படுதா அசையவில்லை. நனைந்தபின் தட்டிப் பார்த்தால் தவில்போலக் கேட்கிறது. கணக்கப்பிள்ளை தாணுலிங்கம் அண்ணாச்சி, "ஏம்டே, இது மோட்டாரா பாய்மரமா?" என்று கேலி பேசுகிறார். நல்ல மனுஷன். உனக்கு நான் எழுதுவதை அஞ்சலில் சேர்ப்பது அவர்தான்.

தூக்கத்தைக் கெடுக்கிற வெப்ராளமான காரியம் ஒன்றும் நடந்துவிட்டது. போன வாரம் மழையில் குலசேகரம் போய்வந்து படுதா கட்டியபடியே மோட்டாரை ஷெட்டில் விட்டேன். முன்கண்ணாடி முழுசாய் இருந்தது, நானேதான் துடைத்தேன். கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கீழ்மூலையில் தொடங்கி மேலே ஒரு கோடு ஓடியிருக்கிறது. கல் பட்டால் பட்ட இடத்தில் பொட்டு இருக்கும். இதில் இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு சின்னப் பொரிவுகூட இல்லை. நிற்கிற வண்டியில் கண்ணாடி எப்படி அக்கா உடையும்?

முதலாளி, "போட்டும், வழியில கல்லு தெறிச்சிருக்கும்" என்று விட்டுவிட்டார். மதராசிலிருந்து வேறு கண்ணாடி வரவேண்டும். நான் கல் தெறிக்கவிட்டு ஓட்டுகிறவன் இல்லை. அதுதான் மனசுக்குக் கேடாக இருக்கிறது.

சகாயம்


சேசு மரி சூசை துணை

இனயம்
24 ஜூலை 1932

தம்பிக்கு அக்காளின் ஆசீர்வாதம். எனக்குச் சுகம். உன் எழுத்தை வாசித்த பிறகு அதுவும் பாதிதான்.

கண்ணேறு, வேறென்ன? ஊர் முழுக்கக் கும்பிட்டால் கண்ணாடி மட்டும் நிற்குமா? சாமியார் மந்திரித்த தீர்த்தம் வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன். நாலு சக்கரத்திலும் தெளி.

இன்னொன்றும் யோசித்தேன். காற்றில் பாய் ஆடினால் மரமும் ஆடும் என்று அப்பா சொல்வார். உன் படுதா எங்கேயோ தளர்ந்து ஆடுகிறது. அது ஆடினால் கம்பி ஆடும், கம்பி ஆடினால் கண்ணாடி கீறும். நீ சின்னதிலேயே முடிச்சைப் பாதியில் விடுகிற பயல். அதனால் இன்னொரு துண்டு கயிறும் அனுப்புகிறேன். ஒன்றுக்கு இரண்டு சுற்றுப் போட்டு இறுக்கு. கை நோக இறுக்கு.

வெப்ராளப்படாதே மக்கா. சோறு இறங்காது என்று பட்டினி கிடந்தால் நான் அங்கே வந்து நிற்பேன், பார்த்துக்கொள்.

அக்காள்


சேசு மரி சூசை துணை

மலைத்தோட்டம்
6 செப்டம்பர் 1932

அக்காளுக்கு. நான் இருக்கிறேன். நீ எப்படி?

நீ சொன்னபடி இரண்டு சுற்றுப் போட்டு இறுக்கினேன். தீர்த்தமும் தெளித்தேன். புதுக் கண்ணாடி வந்து, மழையில் ஓடிய முதல் வாரத்திலேயே உடைந்துவிட்டது. அதே மூலை, அதே மாதிரிக் கோடு. இப்போதும் ஷெட்டில் நிற்கும்போதுதான்.

தோட்டத்தில் ஆளுக்கொரு பேச்சு. பேச்சியம்மன் தன் பாறை வழியாக மோட்டார் போவதைப் பொறுக்கவில்லை என்று கோழி அறுத்தார்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருத்தன் செய்கிறான் என்றும் பேசினார்கள். முதலாளி அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் அந்த வாரமே ஊரில் இல்லை, மண்டைக்காட்டில் மகள் வீட்டில் இருந்திருக்கிறான்.

கடைசியில் முதலாளி என்னிடம் வந்து நின்றார். "மக்கா, நீ உடைச்சேன்னு நான் சொல்லல்ல. ஆனா மோட்டார் உன் கையில இருக்கு. இனி ஒரு கண்ணாடி போச்சுன்னா நீயும் போயிரணும்." இவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது சாப்பாடும் படுக்கையும் ஷெட்டில்தான். எவனாவது கிட்டே வரட்டும் என்று மோட்டாரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எனக்காக வேண்டிக்கொள். மறுபடி கடலுக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. உன்னிடம் சொல்வதில் என்ன வெட்கம்.

சகாயம்


சேசு மரி சூசை துணை

நாகர்கோவில்
19 அக்டோபர் 1932

அக்காளுக்குச் சகாயம். சுகம்.

மூன்றாவது கண்ணாடியும் போயிற்று. மழைக்குள் ஓடிவந்து ஷெட்டில் விட்டு, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். நல்ல பகல். ஒரு ஈ, காக்கை உள்ளே வரவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். கோடு மேலே ஓடுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். "நீயே காவல், நீயே சாட்சி. நான் இனி யாரைக் கேக்க?" என்றார் முதலாளி. அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

மோட்டாரைக் கழுவித் துடைத்தேன். படுதாவை அவிழ்த்து மடித்து ஒப்படைத்தேன். கயிற்றை நான் எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடி ஏன் உடைந்தது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இனி நீ அதைப்பற்றி ஒன்றும் கேட்டு எழுதவேண்டாம், இந்த ஒன்றை எனக்காகச் செய். கொல்லத்தில் பஸ் ஓட்ட ஆள் எடுக்கிறார்களாம், அங்கே போகிறேன். மேல்விலாசம்: நம்ம ஊர் டைட்டஸ் வீடு, தங்கசேரி, கொல்லம்.

முட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொள். ஈரத்தில் உட்காராதே.
சகாயம்


சேசு மரி சூசை துணை

இனயம்
4 டிசம்பர் 1932

தம்பி சகாயத்துக்கு அக்காள் எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் பொய். ஒன்றுக்கு மூன்று எழுத்துப் போட்டுவிட்டேன், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அஞ்சல்காரன் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிக்கொண்டு தாண்டிப் போகிறான்.

கண்ணாடியைப்பற்றிக் கேட்காதே என்றாய், கேட்கவில்லை. பஸ்ஸைப்பற்றிக் கேட்கலாமா? அது என்ன நிறம்? எந்த ஊருக்குப் போகிறது? முன்னேயெல்லாம் மோட்டாரின் விளக்கு, மணி, டயர் என்று பக்கம் பக்கமாய் எழுதி என்னைக் கொல்வாயே. டைட்டஸ் வள்ளம் வைத்து மீன்பிடிக்கிறவன். தங்கசேரி கடப்புறம். அங்கே தங்கிக்கொண்டு பஸ் ஓட்டுகிறாய். ஏலே, பஸ் என்ன கடலிலா ஓடுகிறது?

பயமாக இருக்கிறது மக்கா. ஆமாம் என்றாவது, இல்லை என்றாவது எழுது. அக்காளுக்கு ஒரு வரி எழுதினால் உன் கை தேய்ந்தா போகும்?

வியாகுலம்மாள்


சேசு மரி சூசை துணை

கொல்லம்
16 பிப்ரவரி 1933

மகா கனம்பொருந்திய சகோதரி வியாகுலம்மாள் அவர்களுக்கு, தங்கள் சகோதரன் சகாயம் அநேக தோத்திரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்துத் தங்கள் க்ஷேமலாபங்களுக்கு அடிக்கடி எழுதி வரவும்.

பஸ் வண்டி உத்தியோகம் திருப்திகரமாக நடந்து வருகிறது. பஸ்ஸின் நிறம் பச்சை. வேலை மிகுதியால் பதில் எழுதத் தாமதமானதை மன்னிக்கவும். பேனாமுள் ஒடிந்துவிட்டபடியால் இக்கடிதத்தைச் சினேகிதர் ஒருவரைக் கொண்டு எழுதலாயிற்று. தாங்கள் வீண் கவலை கொள்ளவேண்டாம். முழங்காலுக்கு எண்ணெய் இடவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
சகாயம்


பேச்சிப்பாறை மலைத்தோட்டம்
10 மார்ச் 1933

இனயம் வியாகுலம்மாள் அவர்களுக்கு, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தாணுலிங்கம் எழுதுவது. நாம் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. சகாயம் உங்களுக்கு எழுதியதையெல்லாம் அஞ்சலில் சேர்த்தவன் நான், அதனால் மேல்விலாசம் நினைவிருக்கிறது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

சந்தோஷ சமாச்சாரம். கண்ணாடி உடைந்த காரணம் தெரிந்துவிட்டது. புது டிரைவர் படுதாவுக்குத் தோல்வார் தைத்துப் போட்டான். கார்த்திகை மழை முழுக்க ஓடியும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அணைக்கட்டு ஓவர்சீயர் ஒருவர் இங்கே வந்தபோது முதலாளி இதைச் சொன்னார். முன்னே எதனால் கட்டியிருந்தது என்று அவர் கேட்டார். கயிறு என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு பருத்திக் கயிற்றை இரண்டு கம்பிக்கு நடுவே இறுகக் கட்டித் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். பருத்தி நனைந்தால் நீளம் குறுகுமாம். ஈரம் உள்ளே ஊற ஊற மெதுவாக இறுகுவதால்தான் வண்டி ஷெட்டில் வந்து நின்றபின் உடைந்திருக்கிறது. முடிச்சு இளகினால் தப்பும். இளகாத முடிச்சென்றால் கயிறு கம்பியை இழுக்கும், கம்பி கண்ணாடிச் சட்டத்தை வளைக்கும். சட்டம் வளையும், கண்ணாடி வளையுமா? இறுக்க இறுக்க உடையத்தான் செய்யும் என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சகாயம் போன அன்று படுதாவை அவிழ்த்தான். கயிறு விட்டதும் கம்பி மெல்லத் தன் பழைய இடத்துக்கு நகர்ந்தது. பையன் கையிலிருந்த கயிற்றையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னடே பாக்கே?" என்றேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றான். "நல்ல கயிறா இருக்கே, எங்க உள்ளது?" என்று கேட்டேன். "குலசேகரம் சந்தையில வாங்கினது" என்றான். அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. தெரிந்தும் ஏன் முதலாளியிடம் சொல்லாமல் போனான் என்றுதான் விளங்கவில்லை. சந்தையில் கயிறு விற்றவனைச் சொல்லியும் குற்றமில்லை.

முதலாளிக்கு ரொம்ப மனக்கஷ்டம். சகாயம் எங்கே இருந்தாலும் உடனே வரச் சொல்கிறார். மோட்டார் அவனுக்குத்தான்.

தாணுலிங்கம்


சேசு மரி சூசை துணை

இனயம்
15 மார்ச் 1933

என் தம்பி சகாயத்துக்கு அக்காள் ஆசீர்வாதம். நான் நல்ல சுகம். முட்டுவலிகூடக் குறைந்திருக்கிறது.

முதலாளி உன்னைக் கூப்பிடுகிறார். கண்ணாடிச் சட்டத்தில்தான் ஏதோ கோளாறாம், உன்மேல் ஒரு பிழையும் இல்லையாம். எனக்கு அந்த மோட்டார் விஷயமெல்லாம் என்ன விளங்கும்? கூப்பிடுகிறார், அவ்வளவுதான். இந்த எழுத்துக் கண்டதும் புறப்படு.

உன் பேனாமுள் ஒடிந்த கதையை வாசித்தேன். கீழ்ப்படிதலுள்ள சகாயமா! பிறந்த நாள் முதல் ஒரு நாளாவது எனக்குக் கீழ்ப்படிந்திருக்கிறாயா? பச்சை பஸ்ஸும் வேண்டாம், சிவப்பு பஸ்ஸும் வேண்டாம். நீ வள்ளத்தில் போகிறாய் என்று எனக்குத் தெரியும். கடலில் கிடக்கிறவனுக்கு எழுத நேரம் ஏது, அதனால்தான் எவனையோ பிடித்து எழுதவைத்திருக்கிறாய். எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. கரையேறி வா, அது போதும். நீ வீட்டில் விட்டுப்போன சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன். அந்தச் சட்டையோடு மோட்டாரில் ஒருநாள் இனயம் வழியாக வா. நான் ரோட்டோரத்தில் நின்று கும்பிடுகிறேன்.

அக்காள்


சேசு மரி சூசை துணை

தங்கசேரி
9 ஏப்ரல் 1933

அக்காளுக்குச் சகாயம். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இது இடதுகை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

பஸ் இல்லை அக்கா. இங்கே யாரும் ஆள் எடுக்கவில்லை. டைட்டஸ் வள்ளத்தில்தான் போனேன். தை மாதம் சுறாவுக்குத் தூண்டில் போட்டோம். பெரிய மீன். அது ஓடும்போது கயிறு என் வலதுகையில் சுற்றிக்கொண்டது. அவிழ்க்க நேரமில்லை. புண் பழுத்து மேலே ஏறிவிட்டதால் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்தார்கள். எடுக்காவிட்டால் நான் இல்லை. போன எழுத்தை எழுதியது கோயில் உபதேசியார். பச்சை நிறம் அவர் போட்டது.

முதலாளிக்கு என் தோத்திரத்தைச் சொல்லி எழுதிவிடு. முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றி எஞ்சினை எழுப்பவே வலதுகை வேண்டும். இனி மோட்டார் எனக்கில்லை.

சட்டத்தில் கோளாறு என்று எழுதியிருந்தாய். அப்படித்தான் இருக்கும். நீ கேட்கும்முன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கையைச் சுற்றியது உன் கயிறு இல்லை. டைட்டஸ் கடையில் வாங்கியது. உன் கயிறு பெட்டியில் பத்திரமாக இருந்தது, பிறகு எங்கேயோ தவறிவிட்டது.

நான் ஊருக்கு வரவில்லை. ஒற்றைக்கையன் கடப்புறத்தில் எதற்கு ஆவான்? மடிவலை இழுக்க முடியாது, வள்ளம் தள்ள முடியாது. நீ திரித்துப் பிழைக்கிற கஞ்சியில் நான் பங்குக்கு வரமாட்டேன். இங்கே கோயிலில் மணியடிக்க ஆள் வேண்டுமாம். என்னைத் தேடாதே.

சகாயம்


சேசு மரி சூசை துணை

இனயம்
14 ஏப்ரல் 1933

சகாயம் மக்கா,

இன்று பெரிய வெள்ளி. கோயிலில் வியாகுலமாதாவை எடுத்துக்கொண்டு போகும்போது எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. வீட்டுக்கு வந்து உன் கோணல் எழுத்தை மறுபடி எடுத்தேன், அப்போது வந்தது.

குலசேகரம் சந்தையில் வாங்கிய கயிறாம். தாணுலிங்கம் கணக்கப்பிள்ளை எனக்கு எல்லாம் எழுதிவிட்டார். கடைக்கயிற்றை ஒருநாளும் நம்பமாட்டேன் என்று எழுதிய பயல் நீ. நான் திரித்த கயிறு, நான் சொன்ன முடிச்சு, நான் சொன்னபடி இரண்டாம் சுற்று. ஒரு வாய்ச்சொல் சொல்லியிருந்தால் உனக்கு வேலை நிலைத்திருக்கும். இந்தக் கரையில் பாதிப்பேர் வியாகுலத்தின் கயிற்றை நம்பித்தான் கடலில் இறங்குகிறார்கள். அந்தப் பேர் கெடக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு போனாய். எனக்குத் தெரிந்தால் நான் உடைந்துவிடுவேன் என்று போனாய். நானும் தெரிந்தபிறகு சட்டத்தில் கோளாறு என்று உனக்கு எழுதினேன். ஒரே வயிற்றில் பிறந்த புத்தி, வேறென்ன.

உன் கையைச் சுற்றியதும் கடையில் வாங்கிய கயிறு என்று எழுதியிருக்கிறாய். குலசேகரம் சந்தைக் கயிறு மாதிரித்தானே? சரி. நீ சொன்னால் சரி. இனி ஒருநாளும் அதை நான் கேட்கமாட்டேன்.

முதலாளிக்கு எழுதிவிட்டேன். கடலுக்குத் தரமாட்டேன் என்று நான் வீறாப்புப் பேசினேன். அது கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்திருக்கிறது. அந்த மிச்சத்தைக் கோயில் மணிக்குக் கொடுக்க நான் என்ன பைத்தியக்காரியா?

கஞ்சியில் பங்குக்கு வரமாட்டாயாம். பங்குக்கு யார் கூப்பிட்டது? மாசிக்காற்றில் முருங்கை முறிந்துவிட்டது. ஒரு மாதமாகத் திரிக்க வழியில்லாமல் நூல் அப்படியே கிடக்கிறது. எனக்கு மறுமுனை பிடிக்க ஆள் வேண்டும் தம்பி.

அதற்கு ஒரு கை போதும். வா.

அக்காள் வியாகுலம்மாள்